90 பேர் 53 ஆகும் நாள்: ஆள்குறைப்பும் டிஃபென்ஸின் பின்வரிசையும்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இருக்காது. யாரைக் கழற்றிவிட்டார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள், அவனை எடுத்தவர்கள் இவனை ஏன் விட்டார்கள். வருடா வருடம் அதே கேள்விகள் வருவதால் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற ஃபுட்பால் அணியின் கட்சி. கீழே உள்ள பதில்களில் விதிகள் எல்லாருக்கும் பொது. கோபம் மட்டும் என் சொந்தம்.

எந்த ஃபுட்பாலைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அமெரிக்க ஃபுட்பால். என்.எஃப்.எல். எனப்படும் 32 அணிகளின் லீக். பந்தை முன்னேற்றும் பிரிவு அஃபென்ஸ், அதைத் தடுக்கும் பிரிவு டிஃபென்ஸ். 'பின்வரிசை' என்று நான் சொல்வது முதல் வரிசைக்கு மாற்றாகக் காத்திருப்பவர்களை. மெஸ்ஸி ரசிகர்கள் இத்தோடு விடைபெறலாம், இருந்தாலும் சந்தோஷம்.

90 என்கிறார்கள், 53 என்கிறார்கள். என்ன கணக்கு இது?

கோடைகாலப் பயிற்சி முகாமில் ஓர் அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். செப்டம்பரில் பருவம் தொடங்குமுன் அது 53 ஆக வேண்டும். முன்பெல்லாம் இதைப் படிப்படியாகச் செய்வார்கள்; முதலில் 75, பிறகு 53. கொரோனாவை ஒட்டிய வருடங்களில் 85, 80 என்று இன்னும் சில படிகள் இருந்தன. 2023 முதல் மறுபடி ஒரே வெட்டு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 4 மணிக்குள் முடித்தாக வேண்டும். 2024-ல் அது ஆகஸ்ட் 27, 2025-ல் ஆகஸ்ட் 26.

அணிக்கு 37 பேர் என்றால் 32 அணிக்கு 1,184 பேர். காயப் பட்டியலுக்குப் போகிறவர்களைக் கழித்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஓரிரு நாளில் ஆயிரத்தைத் தொடும் எண்ணிக்கையில் ஆட்கள் வேலை இழக்கிற தொழில் விளையாட்டில் வேறு எது இருக்கிறது என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

53 பேரும் ஆட்டத்தன்று களமிறங்கலாமா?

முடியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் 48 பேர்தான் சீருடை போடலாம், அதுவும் அதில் 8 பேராவது அஃபென்சிவ் லைன்மேன்களாக (அஃபென்ஸின் முன்வரிசைக்காரர்கள்) இருந்தால். இல்லாவிட்டால் 47. 53-க்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் இரண்டு பேரை மேலே கொண்டுவரலாம். ஒரே ஆளை ஒரு பருவத்தில் மூன்று முறைதான் அப்படிக் கூப்பிடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 53-ல் இடம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று முறை விதியைப் பலர் கவனிப்பதில்லை. காயம் குவிகிற வருடத்தில் நவம்பர் வாக்கில்தான் அது கழுத்தைப் பிடிக்கும்.

கழற்றிவிடப்பட்டவர் எங்கே போவார்?

அனுபவத்தைப் பொறுத்தது. நான்கு பருவக் கணக்கு முடித்தவர் உடனே சுதந்திரப் பறவை. எந்த அணியோடும் பேசலாம். அதற்குக் குறைந்தவர் வேவர் வழியாகப் போக வேண்டும். அதாவது மறுநாள் நண்பகல் வரை மற்ற 31 அணிகளில் யார் வேண்டுமானாலும் அவரைக் கேட்கலாம். இரண்டு மூன்று அணிகள் கேட்டால், போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே முன்னுரிமை. யாருமே கேட்கவில்லையென்றால் பழைய அணியே அவரை பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே 16 இடங்கள். அதில் 6 வரை எத்தனை வருட அனுபவசாலிக்கும் தரலாம்.

ஆகவே 53 என்று சொன்னாலும் நடைமுறையில் ஓர் அணி என்பது 69 பேர். ஒரு வித்தியாசம்: அந்த 16 பேரை வேறு அணி எப்போது வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்குகிற அணி மூன்று வாரமாவது தன் 53-ல் அவருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் ஒரே தடை. அதனால்தான் நல்ல இளம் கார்னர்பேக்கை (எதிரணி ரிசீவரைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் ஆள்) வேவரில் விடும்போது எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவரை விட்டால் எட்டில் ஏழு முறை திரும்பி வந்துவிடுவான் என்பது என் அனுமானம். கார்னரையும், டிஃபென்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்கும் பருமனான டேக்கிளையும் விட்டால் அந்த நம்பிக்கை கிடையாது. ரிசீவர் எல்லா அணியிலும் தேவைக்கு மேல் இருக்கிறார்கள்.

சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம்?

2025 கணக்குப்படி 53-ல் இருக்கும் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாடில் இளம் வீரருக்கு வாரம் 13,000 டாலர். 18 வாரமும் நீடித்தால் 2,34,000. 53-வது ஆளுக்கும் 54-வது ஆளுக்கும் திறமையில் நூலிழை இடைவெளி. பையில் நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தச் செவ்வாய்க்கிழமை உள்ளே என்னதான் நடக்கும்?

அதிகாலையிலிருந்தே ஆரம்பித்துவிடும். வீரர்கள் அறை, சாப்பாட்டு அறை, உடற்பயிற்சிக் கூடம் என்று சுற்றிவந்து ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார். அவருக்கு லீக் முழுவதும் பழங்காலத்திலிருந்து பட்டப்பெயர் 'டர்க்'. பெரும்பாலும் ஆள்சேர்ப்புத் துறையில் இளநிலை வேலையில் இருப்பவர் தலையில் இது விழும். அவர் சொல்லும் வாக்கியமும் ஏறக்குறைய மாறாதது: "கோச் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், பிளேபுக்கை எடுத்துக்கொண்டு வா." பிளேபுக் என்பது ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு; முன்பு தடித்த கோப்பு, இப்போது டேப்லெட். அதைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகுதான் கோச் அறைக்கதவு திறக்கும். உள்ளே இரண்டு நிமிடம், ஒரு கைகுலுக்கல். வெளியே வந்தால் மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து, விமான டிக்கெட்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பட்டியலில் 'நீக்கம்' என்று வரும் பெயர்களை நையாண்டி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. எடுத்தவர்களைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

53-ல் டிஃபென்ஸுக்கு எத்தனை இடம் இருக்க வேண்டும்?

வழக்கமான பங்கீடு அஃபென்ஸுக்கு 25, டிஃபென்ஸுக்கு 25, உதைப்பவர்களும் பந்தைப் பின்னால் எறிந்து கொடுப்பவருமாக 3. என் கணக்கு வேறு: டிஃபென்ஸுக்கு 26. முன்வரிசையில் 10, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் 5, கார்னரும் சேஃப்டியும் நிற்கும் பின்களத்தில் 11. அஃபென்ஸுக்கு 24: பந்தை எறியும் குவாட்டர்பேக் இரண்டு, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் நான்கு, ரிசீவர் ஐந்து, தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் நான்கு, லைன்மேன் ஒன்பது.

காரணம் சொல்கிறேன். அஃபென்ஸின் முன்வரிசையில் ஆடும் ஐந்து பேரும் காயம் படாதவரை ஆட்டம் முழுக்க நிற்பார்கள். யார் எங்கே போகப்போகிறார்கள் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மூச்சை அளந்து செலவழிக்கலாம். டிஃபென்ஸ் முன்வரிசைக்கு அந்த வசதி இல்லை. பந்து அசைந்த நொடியில் 140 கிலோ உடம்பை முழுவேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், தவறினால் திரும்பித் துரத்த வேண்டும். நாலு முறை அடுத்தடுத்து அப்படிப் போனால் ஐந்தாவது முறை கால் எழும்பாது. அதனால் அங்கே ஆள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 'ஸ்டார்ட்டர்' என்று பெயர் வாங்கிய உள்வரிசை டேக்கிளே மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் களத்தில் இருப்பார். மிச்ச நேரத்தில் ஆடுகிறவரை 'மாற்று ஆள்' என்று சொல்வதே சரியில்லை, அவரும் ஆடுகிறவர்தான்.

பின்களத்துக்கு 11 ஏன்? இப்போது எல்லா அணியும் மூன்று ரிசீவரை வைத்துக்கொண்டுதான் ஆடுகிறது. அதற்கு ஈடாக ஐந்தாவது பின்களக்காரர் இறங்கியாக வேண்டும். 'நிக்கல்' என்று சொல்லும் அந்த அமைப்புதான் இன்று பாதிக்கு மேற்பட்ட நேரம் ஓடுகிறது. காகிதத்தில் நான்கு பேர், களத்தில் ஐந்து பேர். அந்த ஐந்துக்கும் இரட்டை வேண்டாமா?

இன்னொரு லாபமும் உண்டு. கிக்காஃப், பண்ட் என்று பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் வேலைகளுக்கு ஓடவும் மோதவும் தெரிந்த உடம்பு வேண்டும். பின்வரிசை லைன்பேக்கரும் சேஃப்டியும் அதற்கென்றே செய்தவர்கள். ஆறாவது ரிசீவர் பெரும்பாலும் அதற்கு உதவமாட்டார்.

லயன்ஸ் ரசிகர்கள் 2024-ஐப் பற்றியே பேசுகிறீர்களே, அப்படி என்ன நடந்தது?

கேட்டுவிட்டீர்கள். இதற்குப் பதில் நீளும்.

செப்டம்பர் 22, அரிசோனா. மார்கஸ் டேவன்போர்டுக்கு முழங்கை, டெரிக் பார்ன்ஸுக்கு முழங்கால். ஒரே ஆட்டத்தில் ஒரு பக்கவாட்டு ரஷரும் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்) ஒரு லைன்பேக்கரும் அந்தப் பருவத்துக்கே போனார்கள்.

அக்டோபர் 13, டல்லஸ். 47–9 என்று கௌபாய்ஸை அவர்கள் மைதானத்திலேயே உரித்துக்கொண்டிருந்தோம். ஐந்து ஆட்டத்தில் 7.5 சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தார் ஏடன் ஹட்சின்சன். அவர்களுடைய குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டை நோக்கிச் சுழன்று போனபோது அவருடைய இடது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி, பக்கத்தில் இருந்த சொந்த அணிக்காரர் அலீம் மெக்நீலின் காலில் மோதியது. இரண்டு எலும்புகளும் முறிந்தன. தொலைக்காட்சியில் அதை மறுபடி காட்டாமல் தவிர்த்தார்கள் என்பதிலிருந்தே நிலைமை புரிந்துவிட்டது.

நவம்பர் 17, ஜாக்சன்வில்லை 52–6 என்று நொறுக்கிய ஆட்டத்தில் அலெக்ஸ் அன்சலோனின் முன்கை முறிந்தது. டிஃபென்ஸுக்குக் கட்டளை சொல்லி நிறுத்துகிறவர் அவர்தான். நவம்பர் 28, நன்றியறிதல் நாள் ஆட்டத்தில் இன்னொரு லைன்பேக்கர் மால்கம் ரொட்ரிகஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. டிசம்பர் 15, பஃபலோவிடம் 48–42 என்று தோற்ற அன்று ஒரே பிற்பகலில் மூன்று பேர்: மெக்நீலுக்கு முழங்கால், கார்னர்பேக் கார்ல்டன் டேவிஸுக்குத் தாடை, கலீல் டோர்சிக்குக் கால்.

இத்தனைக்கும் பருவத்தை 15–2 என்று முடித்தோம். லயன்ஸ் சரித்திரத்தில் ஒரு பருவத்தில் 15 வெற்றி அதுவரை கிடையாது. லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான எங்கள் மாநாட்டில் முதலிடம், பிளேஆஃப் எனும் நாக்-அவுட் கட்டத்தில் முதல் சுற்று ஓய்வு. ஜனவரி 18, 2025 அன்று ஃபோர்ட் ஃபீல்டுக்கு ஆறாம் இடத்து வாஷிங்டன் வந்தது. ஆட்டம் சூடு பிடிக்குமுன்பே கார்னர் அமிக் ராபர்ட்சனின் கை முறிந்தது. புதுமுகக் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் 299 கெஜம் எறிந்தார். 45–31. பருவம் முடிந்தது.

அன்று அஃபென்ஸ்தானே ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது?

ஆமாம், ஐந்து முறை. அதில் ஓர் இடைமறிப்பு நேராக டச்டவுனாகவே (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போனது. தோல்விக்கு டிஃபென்ஸ் மட்டும் காரணம் என்று சொல்கிறவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் நான்கு பேரைக் கொண்டு குவாட்டர்பேக்கை நெருக்க முடியாத அணி, ஐந்தாவது ஆறாவது ஆளை அனுப்பித்தான் நெருக்க வேண்டும். ஹட்சின்சன் போன பிறகு டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஆரன் க்ளென் அதைத்தான் செய்தார். ப்ளிட்ஸ் மேல் ப்ளிட்ஸ். அதற்கு விலை பின்னால் தனியாக விடப்படும் கார்னர்கள். முதல் வரிசைக் கார்னர்கள் இருக்கும்வரை அது ஓடியது. அவர்களும் போன பிறகு, வேகமாக முடிவெடுக்கும் டேனியல்ஸ் மாதிரி ஆளிடம் அது செல்லவில்லை. முன்வரிசை ஓட்டையைப் பின்களம் அடைத்தது, பின்களத்தில் ஓட்டை விழுந்தபோது அடைக்க ஆளில்லை.

காயம் தலைவிதி. அதற்குப் பொதுமேலாளர் என்ன செய்வார், பாவம்?

பிராட் ஹோம்ஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குப்பையாகக் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர். இருந்தாலும் ஹட்சின்சனுக்கு எதிர்ப்பக்கம் யார் என்ற கேள்விக்கு 2024-ல் அவர் தந்த விடை டேவன்போர்ட். அவர் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்கு முந்தைய வருடம் மின்னசோட்டாவில் மொத்தமே நாலு ஆட்டம் ஆடியவர். மூன்றாவது வாரத்தில் விழுந்துவிட்டார். 2025-ல் அவரையே மறுபடி ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஹட்சின்சனின் கால் முறிவை யாரும் கணித்திருக்க முடியாது, டேவன்போர்ட் முழுப் பருவமும் நிற்பாரா என்ற சந்தேகம் எடுத்த அன்றே இருந்தது. இரண்டையும் ஒரே 'விதி' என்ற கூடைக்குள் போடாதீர்கள்.

2025 பருவமும் 9–8 என்று பிளேஆஃப் வாசலுக்கு வெளியே முடிந்தது. அந்த முறை சேஃப்டிகள்: கெர்பி ஜோசஃபுக்கு முழங்கால், டிசம்பரில் பிரையன் பிராஞ்சுக்குக் குதிகால் தசைநார். வேறு இடம், அதே கதை.

நடுவில் வெளியிலிருந்து ஆள் எடுத்தால் போதாதா?

எந்த இடத்துக்கு என்பதைப் பொறுத்தது.

2024 நவம்பரில் கிளீவ்லாந்திலிருந்து ஜடாரியஸ் ஸ்மித்தை பரிமாற்றத்தில் கொண்டுவந்தோம். பக்கவாட்டு ரஷர் என்பதால் வந்த வேகத்தில் களமிறக்க முடிந்தது. அந்த வேலையில் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை: எதிரே நிற்பவனைத் தாண்டு, பந்து வைத்திருப்பவனைப் பிடி. அல்-குவாடின் முகமதும் அப்படித்தான். அக்டோபரில் பிராக்டிஸ் ஸ்குவாடுக்கு வந்தவர், வருட முடிவில் முக்கியமான ஆளாகிவிட்டார்.

லைன்பேக்கரும் சேஃப்டியும் வேறு ரகம். எதிரணி நின்ற கோலத்தைப் பார்த்து அந்த நொடியில் அமைப்பை மாற்றிச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவன் எங்கே நகர்வான் என்று தெரிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒப்பந்தம் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவருக்கு அந்த மொழி நாக்கில் வராது. ஆகவே லைன்பேக்கர், சேஃப்டி ஆகியோரின் பின்வரிசையை முகாமிலேயே வளர்த்து 53-க்குள் பத்திரமாக வைக்க வேண்டும். ரஷரைத் தேவைப்பட்டால் சந்தையில் தேடலாம், விலை கூடும், அவ்வளவுதான்.

உள்வரிசை டேக்கிள் விஷயத்தில் கற்பதற்கு அதிகமில்லை. ஆனால் சந்தையில் சரக்கே இருக்காது. 140 கிலோ எடையில் சுறுசுறுப்பாக அசையும் மனிதர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அக்டோபரில் வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? கட் நாளில் என் அணி ஆறாவது டேக்கிளை விட்டுவிட்டு ஐந்தாவது ரன்னிங் பேக்கை வைத்துக்கொண்டால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்காது.

டிஃபென்ஸ் பின்வரிசையை வைத்தே ஜெயித்த அணி உண்டா?

அதே பருவத்தின் கோப்பையை எடுத்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். பிப்ரவரி 9, 2025, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியை 40–22 என்று சாய்த்தார்கள். அவர்களுடைய குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்தார்கள், கூடுதல் ஆளை அனுப்பாமலேயே. நாலு பேர் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் நாலு பேர் களைத்தால் அடுத்த நாலு பேர் தயார். ஜாஷ் ஸ்வெட் 2.5 சாக், மில்டன் வில்லியம்ஸ் 2. நட்சத்திரம் என்று எல்லாரும் பயந்தது ஜேலன் கார்டரைப் பார்த்து. அவரை இரட்டை ஆள் போட்டுத் தடுத்தபோது மற்றவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

அவர்களிடம் எனக்குப் பொறாமை தருவது ஸாக் பான் கதை. நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸ் ஆளாகக் காலம் தள்ளியவர். 2024-ல் ஓராண்டுக்கு 35 லட்சம் டாலர் என்று ஈகிள்ஸ் எடுத்தபோது பின்வரிசைக்கு ஓர் ஆள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை விளிம்பிலிருந்து நடு லைன்பேக்கர் இடத்துக்கு மாற்றினார். அந்த வருடமே லீக்கின் சிறந்த வீரர்களைக் கொண்ட 'ஆல்-ப்ரோ' முதல் அணியில் இடம், சூப்பர் பவுலில் ஓர் இடைமறிப்பு, அடுத்த மாதமே மூன்றாண்டுக்கு 5.1 கோடி டாலர் ஒப்பந்தம்.

சரி, இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கோப்பை வென்ற அடுத்த மாதமே ஸ்வெட் அரிசோனாவுக்கும் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். 2025-ல் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 27.92 கோடி டாலர். அதற்குள் எட்டு நல்ல முன்வரிசைக்காரர்களை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் வைத்திருப்பது யாராலும் ஆகாது. வருடா வருடம் புது ஆளை விளைவித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது குவாட்டர்பேக்குக்கு இடம் வேண்டாமா?

ஜனவரி 2023-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டு குவாட்டர்பேக்குகளும் ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் அடிபட்டு, எறிய ஆளில்லாமல் 31–7 என்று தோற்றார்கள். அதன் பிறகு லீக் 'அவசர மூன்றாவது குவாட்டர்பேக்' விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எப்போதாவது நடப்பது. கார்னர் காயம் மாதம் தவறாமல் நடப்பது. நான் கார்னர் பக்கம்.

ப்ரீசீசன் ஆட்டங்களில் எதைப் பார்த்தால் யார் தேறுவார் என்று தெரியும்?

பருவத்துக்கு முந்தைய இந்த ஒத்திகை ஆட்டங்கள் மூன்றுதான், அதிலும் முதல் வரிசை ஆட்கள் தலை காட்டுவதே அபூர்வம். பலர் நான்காவது கால்பகுதியில் ஒருவர் இரண்டு சாக் எடுத்ததும் 'இவனை வைத்தே ஆகணும்' என்று குதிப்பார்கள். எதிரே தடுத்தவர் யார் என்று பாருங்கள். மறுவாரம் அவரே வேலை தேடிக்கொண்டிருப்பார்.

நான் பார்ப்பது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்பும் பண்ட் நேரங்களை. இரண்டு ஓரங்களிலும் கோட்டை ஒட்டித் தனியாக நிற்கும் இருவர் இருப்பார்கள், கன்னர் என்று பெயர். முதல் பாதியிலேயே அந்த இடத்தில் ஓர் அறிமுகமில்லாத கார்னரை நிறுத்தினால், பயிற்சியாளர்கள் அவனுக்கு 53-ல் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிக்காஃபில் முதல் அணியில் ஓடும் லைன்பேக்கர் யார் என்பதும் அப்படித்தான். கடைசி ஆட்டத்தில் ஒருவர் சீருடையே போடவில்லையா? கவலைப்படாதீர்கள், அவர் இடம் உறுதி.

அனுபவசாலியை வெட்டிவிட்டு இரண்டு நாளில் திரும்ப எடுக்கிறார்களே, இது என்ன நாடகம்?

நாடகமேதான், இரு தரப்பும் பேசிவைத்து ஆடுவது. நான்கு வருடம் கடந்தவர் வேவருக்குப் போக வேண்டியதில்லை, அதனால் வேறு யாரும் இடையில் பறிக்க முடியாது. அவரை ஒரு நாள் வெளியே நிறுத்தினால், காயம்பட்ட இன்னொருவரை 53-ல் கணக்குக் காட்டிவிட்டு மறுநாள் காயப் பட்டியலுக்கு அனுப்பலாம். அந்த இடத்தில் இவர் திரும்பி வருவார். 2024 முதல் கட் நாளன்றே இரண்டு பேரைத் திரும்பி வரும் உரிமையோடு காயப் பட்டியலில் சேர்க்கலாம் என்று விதி தளர்ந்ததால் இந்த வித்தை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதல் வாரத்துக்குப் பிறகு எடுப்பதில் இன்னொரு கணக்கு. முதல் ஆட்டத்தின்போது 53-ல் இருக்கும் அனுபவசாலிக்கு அந்த வருடச் சம்பளம் உறுதியாகிவிடும். இரண்டாவது வாரம் எடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. முப்பது வயது கடந்த டிஃபென்ஸ் டேக்கிள்களுக்கு இது அடிக்கடி நடக்கும். முறைதானா என்று கேட்டால், முறையில்லை. விதி அனுமதிக்கிறது.

கழற்றிவிடப்பட்ட யாராவது பிறகு பெரிய ஆளானது உண்டா?

ஜேம்ஸ் ஹாரிசன். 2002-ல் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் யாரும் தேர்வு செய்யாமல் பிட்ஸ்பர்குக்கு வந்தவர். அவர்கள் பலமுறை கழற்றிவிட்டார்கள், பால்டிமோரும் விட்டது, ஐரோப்பிய லீக்கில் போய் ஆடினார். 2004-ல் பிட்ஸ்பர்கின் லைன்பேக்கர் ஒருவர் எடை தூக்கும்போது கையை உடைத்துக்கொள்ள, அந்த இடைவெளியில் திரும்ப வந்தார். 2008-ல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரர். அந்தப் பருவத்துச் சூப்பர் பவுலில் சொந்தக் கோட்டருகே பந்தைப் பிடித்து 100 கெஜம் ஓடினார். எறிந்தவர் கர்ட் வார்னர், அவரும் 1994-ல் கிரீன் பே கழற்றிவிட்ட ஆள்.

ஆனால் பின்வரிசை என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் சொல்வது மால்கம் பட்லரை. 2014-ல் நியூ இங்கிலாந்து அவரைத் தேர்வு செய்யவில்லை, ஒப்பந்தம்கூட இல்லாமல் சோதனை முகாமுக்குக் கூப்பிட்டது. பருவம் முழுக்கக் கார்னர் வரிசையின் அடியில் இருந்தார். பிப்ரவரி 1, 2015 சூப்பர் பவுலின் இரண்டாம் பாதியில், வேறொருவர் திணறியதால் இறக்கினார்கள். 26 நொடி மிச்சம், சியாட்டில் டச்டவுன் கோட்டுக்கு ஒரு கெஜத் தூரத்தில் நிற்கிறது, நியூ இங்கிலாந்து 28–24 என்று முன்னிலை. மூன்று கார்னர் அமைப்புக்கு மாறச் சொல்லி ஓரக்கோட்டிலிருந்து "மால்கம், போ!" என்று கத்துகிறார்கள். இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்ற அந்தக் கோலத்தை அவர் அந்த வாரப் பயிற்சியில் பார்த்திருந்தார். பயிற்சியில் அதே நகர்வில் தாமதித்து டச்டவுன் கொடுத்து, திட்டும் வாங்கியிருந்தார். இந்த முறை பந்து கையை விட்டுக் கிளம்புமுன்பே ஓட ஆரம்பித்தார். இடைமறித்துப் பிடித்தார், கோப்பை நியூ இங்கிலாந்துக்கு.

பயிற்சியில் அந்த நகர்வை அவருக்கு யாரோ ஓட்டிக் காட்டியிருந்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் லயன்ஸிடம் கேட்கிறேன். 53-ல் ஆறாவது கார்னர் என்று ஒரு பெயரை வைத்தால் போதாது. புதன்கிழமைப் பயிற்சியில் அவனுக்கு முதல் அணியோடு பத்து நகர்வாவது கொடுங்கள்.

பட்டியல் வெளியானதும் உடனே கொண்டாடலாமா, அழலாமா?

புதன் நண்பகல் வரை இரண்டும் வேண்டாம். வேவரில் யார் யாரை எடுத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். வெளியிலிருந்து ஒருவரை எடுத்தால் நேற்று தேறிய ஒருவர் இன்று வெளியே. அதன் பிறகு பிராக்டிஸ் ஸ்குவாட் பட்டியல், பிறகு காயப் பட்டியல் மாற்றங்கள். வியாழக்கிழமை வரும் பட்டியல்தான் ஏறக்குறைய முதல் ஆட்டத்துக்குப் போகிற அணி. அதில் டிஃபென்ஸ் முன்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, ஒன்பதுக்குக் கீழே இருந்தால் குழுவில் ஒரு வரி போடுங்கள். மிச்சத் திட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.